தாத்தா எந்த ரயில்வே?

"தாத்தா ரயில்வேயில் இருந்தார்" என்பதோடு பல வீடுகளில் கதை நின்றுவிடும். எந்த ரயில்வே என்று கேட்டால் "சதர்ன் ரயில்வேதான், வேறென்ன" என்பார்கள். சதர்ன் ரயில்வே உருவானதே 1951 ஏப்ரல் 14-ல். 1930-களில் ரிட்டயர் ஆன மனிதர் அதில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க முடியாது. அந்தப் பெயரில் விண்ணப்பம் போட்டால் "அப்படி ஒரு ஊழியர் பற்றிய பதிவு இல்லை" என்றுதான் பதில் வரும். பதிலில் பொய்யில்லை. கேள்விதான் தப்பு.

ரயில்வே முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் பெயரில் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் காலத்துக் காகிதங்களோ பெயர்வாரியாக அடுக்கப்பட்டவை அல்ல. முதலில் கம்பெனி, அடுத்து டிபார்ட்மெண்ட், அப்புறம் உத்தியோகம், பிறகு ஊர், கடைசியில்தான் ஆள். அந்த வரிசையிலேயே போனால் கிடைப்பது அதிகம்.

கம்பெனியை வீட்டுக் கதையிலிருந்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம், வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓட்டியது தெற்கின் முதல் பாசஞ்சர் வண்டி. அகலப்பாதை. பெரம்பூர் ஒர்க்‌ஷாப் அவர்களுடையது. தஞ்சாவூர்ப் பக்கம் வேறு கம்பெனி: கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா. நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதையை 1861-ல் திறந்து, மறு வருடம் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். 1874-ல் அது கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. நம் பெரியவர்கள் வாயில் அது எஸ்.ஐ.ஆர்.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் 1908. மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் 1907 கடைசியோடு முடிந்தது. அதன் பெரும்பகுதி சதர்ன் மராட்டா ரயில்வேயோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ஆனது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மங்களூர் போகும் பாதை மட்டும் எஸ்.ஐ.ஆர். கைக்குப் போனது. 1900-ல் போத்தனூர் ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து 1925-ல் டிரைவராக ரிட்டயர் ஆனவர், இடம் மாறாமலே இரண்டு கம்பெனிக்கு வேலை பார்த்திருக்கிறார். சேர்ந்த காகிதம் மெட்ராஸ் ரயில்வேயில், விலகிய காகிதம் எஸ்.ஐ.ஆரில். பெரம்பூர்க்காரரோ அரக்கோணத்துக்காரரோ என்றால் எம்.எஸ்.எம். பக்கம் போக வேண்டும்.

பிறகு 1944 ஏப்ரல் 1-ல் எஸ்.ஐ.ஆரையும் எம்.எஸ்.எம்.மையும் அரசே எடுத்துக்கொண்டது. 1951-ல் இரண்டும் மைசூர் ஸ்டேட் ரயில்வேயோடு சேர்ந்து சதர்ன் ரயில்வே. அத்தோடு முடியவில்லை. ஹூப்ளியும் விஜயவாடாவும் 1966-ல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத் சென்ட்ரலுக்குப் போயின. ஹூப்ளி மறுபடி 2003-ல் சவுத் வெஸ்டர்னுக்கு மாறியது. டிவிஷன் மாறும்போது பைல்களும் மூட்டை கட்டி மாறும், மாறும்போதுதான் தொலையும். ஹூப்ளியில் வேலை பார்த்த எம்.எஸ்.எம். தாத்தாவுக்காகச் சென்னையில் அலைவது வீண்.

நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் குடிவந்த குடும்பம் என்றால் விஷயம் சுலபம். எஸ்.ஐ.ஆர். தன் ஒர்க்‌ஷாப் வேலைகளை 1928 வாக்கில் பொன்மலையில் ஒன்றாகக் குவித்தது. அதையொட்டி டிரேட் டெஸ்ட் (தொழில்திறன் சோதனை), ஆட்குறைப்பு என்று வந்து, அந்த ஜூலையில் பெரிய ஸ்டிரைக்கே நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மீது சதி வழக்குப் போட்ட ஸ்டிரைக் அதுதான். "தாத்தாவுக்கு 28-ல் வேலை போச்சு, அப்புறம் ஊருக்கு வந்து கடை வைத்தார்" என்று வீட்டில் சொன்னால், ஒர்க்‌ஷாப் ஆள் என்பதற்கு அது வலுவான தடயம். அந்த மாதத்து நாளிதழ்களையும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த வருடத்து ஸ்டிரைக் சம்பந்தப்பட்ட அரசாணைகளையும் பார்க்கலாம்.

அடுத்தது டிபார்ட்மெண்ட். ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், போர்ட்டர் எல்லாம் டிராஃபிக். டிரைவர், ஃபயர்மேன், கிளீனர், பிட்டர், பாய்லர்மேக்கர் லோகோ. கேங்மேன், கீமேன், கேட்கீப்பர், கேங் மேஸ்திரி இன்ஜினியரிங், அவர்களுக்கு மேலே பி.டபிள்யூ.ஐ. என்ற தண்டவாளப் பாதை இன்ஸ்பெக்டர். வீட்டில் சொல்லும் உத்தியோகத்தை ஒரு படி கீழே இறக்கி வைத்துத் தேடுவது நல்லது. "ஸ்டேஷன் மாஸ்டர்" பலமுறை சிக்னலராகவோ (தந்தி அடிப்பவர்) அசிஸ்டெண்டாகவோ இருப்பார். "டிரைவர்" ஷண்டராக, அதாவது யார்டுக்குள் மட்டும் இன்ஜின் ஓட்டுபவராக இருப்பார். மெயில் வண்டி டிரைவர் வேலை நெடுங்காலம் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் கையில்தான் இருந்தது. 1905-ல் தமிழ்க் குடும்பத்து மனிதர் மெயில் ஓட்டினார் என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கவும்.

காகிதம் தேடக் கிளம்பும் முன் பரணையும் டிரங்குப் பெட்டியையும் பாருங்கள். விசில், கை விளக்கு, பித்தளைப் பொத்தான், கார்டு வாட்ச் எல்லாவற்றிலும் கம்பெனி எழுத்து குத்தியிருக்கும், சிலவற்றில் எண்ணும் இருக்கும். வாலண்டியர் படை மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் பொறிப்பார்கள். ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்திய ஊழியர்கள் ரயில்வே வாலண்டியர் படையில் சேர்ந்தாக வேண்டிய நிலை இருந்ததால் அந்தக் குடும்பங்களில் இது அபூர்வம் அல்ல.

இன்ஜின் முன் நின்று எடுத்த குரூப் போட்டோ கிடைத்தால் ஆட்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்ஜினின் முன் பட்டையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு பஃபர் (மோதல் தாங்கும் வட்டத் தட்டு) இருந்தால் அகலப்பாதை. நடுவில் ஒன்றே ஒன்று என்றால் மீட்டர்கேஜ். எஸ்.ஐ.ஆரின் பழைய பாதைகள் பெரும்பாலும் மீட்டர்கேஜ், மெட்ராஸ் ரயில்வேயினுடையது அகலப்பாதை. ஆனால் 1908-க்குப் பிறகு போத்தனூர்ப் பாதை எஸ்.ஐ.ஆரிடம் வந்ததால், அகலப்பாதை என்றாலே எஸ்.ஐ.ஆர். இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்ஜின் எண்ணுக்கு முன்னால் உள்ள வகை எழுத்து காலத்தைச் சொல்லும். மூக்கு கூம்பிய டபிள்யூ.பி. இன்ஜின் 1947-க்குப் பிறகுதான் வந்தது, மீட்டர்கேஜ் ஒய்.பி. 1949-லிருந்து. "1935-ல் எடுத்தது" என்று பின்னால் பேனாவில் எழுதியிருந்தாலும், படத்தில் ஒய்.பி. நின்றால் பேனா எழுத்தை நம்ப வேண்டாம். அதே மாதிரி, தாத்தா பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் வண்டி மோட்டார்மேன் என்றால் அது 1931-க்குப் பிறகு. அந்த மின்பாதை அந்த வருடம்தான் திறந்தது.

இனி காகிதங்கள். யார் எந்த அடுக்கில் இருந்தார் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும், இதில் சமத்துவம் கிடையாது.

இங்கிலாந்திலேயே ஒப்பந்தம் போட்டு அழைத்து வரப்பட்ட டிரைவர், போர்மேன், இன்ஜினியர் ஆகியோருக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/ஏஜி/46 என்ற வரிசை இருக்கிறது. ரயில்வே கம்பெனிகளின் லண்டன் ஆபீஸ் காகிதங்கள் அவை. இங்கேயே பிறந்து இங்கேயே சேர்ந்த ஆங்கிலோ-இந்தியர்களை அதில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களுக்குச் சர்ச் ரெஜிஸ்டர். மெட்ராஸ் மாகாணச் சர்ச்சுகளிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. என்/1 வங்காளம், என்/3 பம்பாய். போத்தனூரில் பிறந்தவரை வங்காள வரிசையில் தேடிக் காணோம் என்று சோர்ந்துபோனவர்கள் உண்டு. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் இவை பட வடிவில் கிடைக்கும், காசு கட்ட வேண்டும். ஃபேமிலிசர்ச் இலவசம், ஆனால் பல பதிவுகளுக்குச் சுருக்கம் மட்டுமே வரும். அதில் தகப்பனாரின் உத்தியோகம் விட்டுப்போயிருக்கும், நமக்கு வேண்டியதே அதுதான். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் ஃபிபிஸ் சங்கத்தின் தேடல் தளமும் இலவசம், தக்கர்ஸ் போன்ற பழைய டைரக்டரிகளிலிருந்து எடுத்த ரயில்வே பெயர்கள் அதில் நிறைய உண்டு. லண்டன் நேரில் போகிறவர்கள், வேண்டிய தொகுதியைக் கொடுப்பார்களா என்று மின்னஞ்சலில் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். 2023 அக்டோபர் இணையத் தாக்குதல் அந்த நூலகத்தை ரொம்ப நாள் முடக்கிப் போட்டது.

என்/2-வில் ஆங்கிலிகன் சர்ச்சுக்காரர்கள்தான் அதிகம். கத்தோலிக்கர் குறைவு, இந்தியக் கிறிஸ்தவர் அதைவிடக் குறைவு. ஆகவே கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கே போக வேண்டும். அங்கே கேட்கிற விதம் முக்கியம். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டால் நாலு வரி அச்சுக் காகிதம் எழுதிக் கொடுப்பார்கள். அது போதாது. ரெஜிஸ்டர் பக்கத்தையே பார்க்க அனுமதி கேளுங்கள். ஏனென்றால் பக்கத்தின் ஓரத்தில் பின்னாளில் ஒரு குறிப்பு ஏறியிருக்கும்: இன்ன தேதியில், இன்ன பங்கில், இன்னாரைத் திருமணம் செய்தார் என்று. கத்தோலிக்கத் திருச்சபை விதிப்படி திருமணம் நடந்த பங்கு, ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். 1908 வாக்கிலிருந்து இது சீராக நடந்தது. ரயில்வேக்காரருக்கு நாலு வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், மூத்த பிள்ளை விழுப்புரத்தில், அடுத்தது மதுரையில். அந்த ஓரக் குறிப்பு ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வழி காட்டிவிடும். ரெஜிஸ்டர் லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது இருபது சொற்கள்தான்.

இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லை. ஊழியரின் வேலை விவரம் முழுக்க ஏறும் சர்வீஸ் ரெஜிஸ்டர்தான் முதல் ஆசை. கிடைத்தால் முதல் பக்கமே பொக்கிஷம்: தகப்பனார் பெயர், சொந்த ஊர், உயரம், அங்க அடையாளம், இடது பெருவிரல் ரேகை. ஆனால் பிறந்த தேதியைச் சந்தேகத்தோடு படியுங்கள். வருடம் மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்றும், மாதமும் வருடமும் தெரிந்தால் அந்த மாதம் 16 என்றும் போடுவது ரயில்வே விதி. 1-7-1899 என்று கண்டால் அது யாரும் பிறந்த நாள் அல்ல, "1899 போல இருக்கும்" என்று யாரோ சொன்னதை கிளார்க் எழுதியது.

சர்வீஸ் ரெஜிஸ்டரைக் கேட்க தகவல் உரிமைச் சட்டம் போதும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். அனுப்ப வேண்டியது கடைசியாக வேலை பார்த்த டிவிஷன் அல்லது ஒர்க்‌ஷாப்பின் பர்சனல் பிராஞ்சுக்கு (பணியாளர் பிரிவு). தவறான ஆபீஸுக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். "எங்கள் தாத்தா பற்றிய அனைத்து விவரங்களும் தேவை" என்று எழுதினால் காரியம் நடக்காது. உத்தியோகம், ஊர், டிக்கெட் நம்பர் (ஊழியரின் அடையாள எண்) இருந்தால் அதுவும், உத்தேச ரிட்டயர்மெண்ட் வருடம், இவற்றைக் கொடுத்துவிட்டு சர்வீஸ் ரெஜிஸ்டர், பி.எஃப். செட்டில்மெண்ட் பைல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இறப்புச் சான்றும் வாரிசு என்பதற்கான ஆதாரமும் இணையுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால் 8(3) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம், 20 வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்த விலக்கு செல்லாது. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி இது: "மேற்படி பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால், அழித்ததற்கான பதிவின் நகலைத் தரவும்." வெறுமே "இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவதை இந்த வரி தடுக்கும். தேடிப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டிவரும்.

1957 நவம்பர் 16-க்கு முன்னால் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு முன் போனவர்களுக்கு பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் மொத்தமாகக் கையில் வந்தன. பென்ஷன் ஆர்டரைத் தேடுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த மொத்தப் பணம் எங்கே போனது என்று கேட்டால் தேடல் திடீரென்று சூடுபிடிக்கும். பெரும்பாலும் நிலத்துக்குப் போனது, அல்லது வீட்டுக்கு. நிலம் என்றால் பத்திரம்.

என் அனுபவத்தில் ரயில்வே ஆபீஸ்களைவிட சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்தான் ரயில்வேக்காரர்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது. 1908 பதிவுச் சட்டம், பத்திரத்தில் வருகிற ஆளை எப்படி விவரிக்க வேண்டும் என்பதையே விளக்கம் போட்டு வைத்திருக்கிறது: இருப்பிடம், தொழில், இந்தியர் என்றால் தகப்பனார் பெயரும். அதனால் பத்திரத்தின் முதல் வரி இந்தத் தோரணையில் இருக்கும்: இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், நாகப்பட்டணம் ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் உத்தியோகம் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம். ஒரே வாக்கியத்தில் சொந்த ஊர், கொள்ளுத்தாத்தா பெயர், கம்பெனி, உத்தியோகம், வேலை பார்த்த ஊர். ரயில்வே எந்த ஒரு காகிதத்திலும் இவ்வளவும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம்.

தேடும் முறை இது. ரிட்டயர் ஆன வருடத்தைக் கணக்குப் போடுங்கள், பொதுவாக 55 வயது. அதற்கு இரண்டு வருடம் முன், ஐந்து வருடம் பின் என்று ஒரு வரம்பு வையுங்கள். சொந்த ஊருக்கு உரிய சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் எது என்று பாருங்கள். இன்றைய ஆபீஸ் அன்று இருந்திருக்காது, பழைய புத்தகங்கள் தாய் ஆபீஸிலோ மாவட்டப் பதிவாளரிடமோ இருக்கும். இணையத்தில் வில்லங்கம் 1975-லிருந்துதான் பொதுவாகக் கிடைக்கிறது, ஆகவே நேரில் மனுப் போட வேண்டும். சர்வே எண் தெரிந்தால் சொத்துவாரி இண்டெக்ஸ், தெரியாவிட்டால் பெயர்வாரி இண்டெக்ஸ். ஆபீஸில் சர்வே எண் இல்லாமல் வராதீர்கள் என்பார்கள். பெயர்வாரி இண்டெக்ஸும் சட்டப்படி பராமரிக்கப்படுவதுதான், பொறுமையாகக் கேளுங்கள். தாத்தா பெயரில் கிடைக்காவிட்டால் பாட்டி பெயரில் பாருங்கள். கடன்காரருக்குப் பயந்தோ, பங்காளிக்குப் பயந்தோ மனைவி பெயரில் வாங்கியவர்கள் ஏராளம்.

பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டரும் இதே வகை. தகப்பனார் தொழிலும் விலாசமும் அதில் உண்டு, பிள்ளைகள் எந்த வருடம் எந்த ஊரில் சேர்ந்தார்கள் என்பதை வரிசைப்படுத்தினால் டிரான்ஸ்பர் பட்டியல் தானாக வந்துவிடும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு தனித் தலைவலி. சாமி என்று முடியும் பெயரை அன்று எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதினார்கள், முதலியாரின் முதல் உயிருக்கு இரட்டை ஓ, குப்புவுக்குச் சி-யில் ஆரம்பம். எந்தத் தளத்திலும் பெயரின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்து முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ஊர்களும் அப்படியே: டிரிச்சினாபொலி, நெகபட்டம், டூட்டிகொரின். பாலக்காடு ஜங்ஷன் அன்று ஓலவக்கோடு.

கேங்மேன், கட்டுமானக் கூலி என்று வந்தால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான். பாதை போட மண் சுமந்தவர்களை கம்பெனி நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை. கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே ஆட்கள். கம்பெனிக் கணக்கில் வந்தது எத்தனை கன அடி மண் என்பதுதான், யார் சுமந்தார் என்பதல்ல. பெர்மனெண்ட் கேங்மேன் மஸ்டர் ரோலில் (வருகைப் பட்டியல்) இருந்திருப்பார், பழைய மஸ்டர் ரோல்கள் கழிக்கப்பட்டுவிட்டன. வேலையில் இறந்தவராக இருந்தால் மட்டும் வேறு வழி: 1923 தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924-ல் அமலுக்கு வந்த பிறகு மரணத்துக்கான தொகை கமிஷனரிடம் கட்டப்பட்டது. அங்கே வாரிசுகளின் பெயர் வரும். மற்றபடி 1899 சட்டத்தின்படி எழுதிய கிராமப் பிறப்பு–இறப்புப் பதிவேடுகள்தான் கதி.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கரூர்ப் பக்கம் ஜல்லி கொட்டியவருக்கு ஒரு வரிகூட இல்லை. கடல் தாண்டி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போய் அங்கே ரயில்வேயில் ஜல்லி கொட்டிய அவர் தம்பிக்கு முழுப் பதிவு இருக்கிறது. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, 1,52,184 பேர். நேட்டால் அரசு ரயில்வே அவர்களை வேலைக்கு எடுத்த பெரிய முதலாளிகளில் ஒன்று. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும். முதலாளியின் பெயரும் சேர்ந்தால் ரயில்வே ஆட்களைத் தனியாகப் பிரித்துவிடலாம். பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன, டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் பார்க்கலாம். தேடும்போது பெயரை விட காலனி எண் முக்கியம். அது கிடைத்தால் அதை வைத்து திருமணம், திரும்பிய பயணம், புகார் மனு என்று மற்றக் காகிதங்களைத் தொடரலாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் தேடி வருகிறவர்களிடம் பெரும்பாலும் இந்த எண் கையில் இருக்கும், நம் பக்கம்தான் இருக்காது.

அங்கிருந்து ஊரைப் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஜில்லா எல்லை. பட்டியலில் "வட ஆற்காடு, போளூர்" என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் தேடாதீர்கள், போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். கிராமப் பெயர் உச்சரிப்பில் சிதைந்திருக்கும். தாலுகாவின் பழைய சென்சஸ் கிராமப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் பிடிபடும். இரண்டு மூன்று கிராமங்கள் பொருந்தினால் பட்டியலில் உள்ள சாதி அந்தக் கிராமங்களில் எதில் குடியிருந்தது என்று உள்ளூரில் விசாரித்து ஒன்றாகக் குறைக்கலாம்.